சாவி கேட்டதும் கட்

அத்தியாயம் 3

துப்பறிகிறவர்களின் கார் என்று யாருக்கும் தெரியாத காராக இருக்க வேண்டும் என்பது தேவகுமாரியின் கொள்கை. விளம்பரம் இல்லாத தொழில் விளங்காது என்பது அவளுடைய உதவியாளன் எல்வினின் கொள்கை. காரை ஓட்டுவது எல்வின்தான் என்பதால் அவன் கொள்கை ஜெயித்திருந்தது. பின் கண்ணாடி முழுக்க மஞ்சள் எழுத்தில் 'தேவி துப்பறியும் நிலையம், சேலம். ரகசியம் நிச்சயம்' என்று ஒட்டி, அடியில் தன் செல் நம்பரையும் போட்டிருந்தான். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் வந்த பஸ் டிரைவர்கள் அதை வாசித்து வாசித்து ஹாரன் அடித்தார்கள்.

மலைக்கு வந்தது ஒரு மாப்பிள்ளை விசாரணைக்காக. 'பையனுக்கு எஸ்டேட் இருக்கு' என்று தரகர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்ததில் பையன் எஸ்டேட்டில் இருந்தான்; எஸ்டேட் பையனிடம் இல்லை. அந்த வேலை அத்தோடு முடிந்தது. கரடியூர் டீக்கடை ஓரம் காரை நிறுத்தி, பனிமூட்டம் கிளாஸுக்குள் இறங்குவதற்குள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கார்க் கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

நாற்பது வயதிருக்கும் பெண்மணி. மழைக்கோட்டு. கழுத்தில் 'பார்வையாளர்' என்று எழுதிய அட்டை. புருவங்கள் இரண்டும் நெற்றியின் உச்சியில் நின்றன.

"ரகசியம் நிச்சயம்னு எழுதியிருக்கே, நெசமா?"

"எழுதினது நாந்தானுங்க. ஸ்டிக்கர் பசைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல. மத்ததெல்லாம் நிச்சயம்" என்றான் எல்வின்.

"என் பேரு ஷீனா. மலேசியா, ஈப்போ. பாலர் பள்ளி ஆசிரியை. நாளைக்குத் திருச்சியில எனக்கு ஃபிளைட்டு. இங்க என் பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிக்கிட்டாங்க."

தேவகுமாரி பின் கதவைத் திறந்துவிட்டாள். "உக்காருங்க. டீ சாப்புட்டுக்கிட்டே சொல்லுங்க."

ஷீனா எடுத்த சுற்றுலாப் பேக்கேஜில் படகுச் சவாரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் ஆகியவற்றோடு 'டிவி நிகழ்ச்சியை நேரில் கண்டு களித்தல்' என்றும் ஒரு வரி இருந்தது. அவள் களித்த நிகழ்ச்சியின் பெயர் 'சொல்லு, ஓட்டு!'. சென்னையிலிருந்து ஒரு சேனல் கூட்டம் வந்து, பக்கத்து ரிசார்ட் ஹாலில் படம்பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் மேடையில் ரிப்பன் கட்டி நிற்கிற குட்டியானை லோடு வண்டி பரிசு. இதுவரை அதை யாரும் ஜெயித்ததில்லை. பார்வையாளர்கள் எல்லாம் கரடியூர், தலைச்சோலை ஆட்கள். பதிவு முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் என்று சொல்லி அழைத்திருந்தார்கள். போன்களை வாசலிலேயே கூடையில் வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரி என்பதால் ஷீனாவிடம் அடையாளத்துக்கு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

போட்டியாளர் வெண்ணிலா. தலைச்சோலையில் காபியும் ஆரஞ்சும் போட்டிருக்கிற பெண். ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கும் சொல்லிவிட்டு, "சாவியக் குடுங்க" என்று கை நீட்டினாள். அப்போதுதான் 'கட்' என்று ஒரு கத்தல். தயாரிப்பாளர் ஷெர்வின் பாய்ந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் ஷீனாவை நோக்கி விரலை நீட்டினார். நிகழ்ச்சி நடத்துகிற ஆங்கர் அதை மைக்கிலும் முழங்கினார்.

"நான் சைகை காட்டித்தான் அந்தப் பொண்ணு ஜெயிச்சிச்சாம். அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா பாஸ்போர்ட்டத் தருவாங்களாம். போட்டா, அந்தப் பொண்ணுக்கு வண்டி கிடையாது. ஊரு பேரு தெரியாத எடத்துல என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க, மேடம்."

"என்ன சைகைன்னு சொன்னாங்க?"

"மூஞ்சியாம்! நான் பாலர் பள்ளி டீச்சர் லா! கதையில முயல் வந்தா என் மூஞ்சியிலயும் முயல் வரணும். இல்லாட்டி பிள்ளைங்க தூங்கிடும். பதினெட்டு வருசமா எனக்கு மூஞ்சி அப்படித்தான்."

சொல்லும்போதே முயல் வந்து போனது. எல்வின் சிரிப்பை டீயோடு விழுங்கினான்.

"உங்களச் சுத்தி உக்காந்திருந்தவங்க மூஞ்சி எப்படியிருந்துச்சுங்க?" என்று கேட்டாள் தேவகுமாரி.

ஷீனா யோசித்தாள். "கைதட்டினாங்க. ஆனா ஒருத்தர் கூட ஆச்சரியப்படல. பஸ்ஸுக்கு நிக்கறவங்க மாதிரி இருந்தாங்க. சில சமயம் அந்தப் பொண்ணு வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே கைதட்டிட்டாங்க."

"கடைசிக் கேள்வி?"

"உலகத்திலேயே வெனிலா அதிகமா விளையற தீவு நாடு எது."

"வெண்ணிலாகிட்டயே வெனிலாவா!" என்றான் எல்வின்.

"அந்தப் பொண்ணு 'மகடாஸ்கர்'னு சொல்லிச்சி."

"மடகாஸ்கர்."

"அதான்! பிள்ளைங்க எழுத்த மாத்திச் சொன்னா எனக்குத் தானா மூஞ்சி சுளிக்கும். சுளிச்சிடுச்சி. அந்தச் சுளிப்பத்தான் சைகைன்னு புடிச்சிக்கிட்டாங்க. ஆனா அந்த ஆங்கர், கலகல கார்த்திக், 'சரியான விடை, மகடாஸ்கர்!'னு குதிச்சாரு."

தேவகுமாரி கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் டீயை மிச்சம் வைத்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று எல்வினுக்குத் தெரியும்.

"ஏப்பா எல்வின், இந்தம்மாவுக்குச் சரியான பேரு தெரியும். இவங்க சொல்லிக் குடுத்திருந்தா சரியான பேருதானே வந்திருக்கணும்?"

"அதுவும் மூஞ்சியாலயே மடகாஸ்கர்னு காட்டணும்னா மூக்கு, காது ரெண்டும் தனித்தனியா ஆடணுமுங்க மேடம்."

"அப்போ வெண்ணிலாவுக்குப் பதில் சொல்லிக் குடுத்தது, பேரத் தப்பாச் சொல்ற ஆளு. அப்படி ஒருத்தர்தான் இங்க இருக்காரு."

"ஆங்கரா? பரிசு குடுக்கறவரே பதிலும் குடுத்தாரா?"

"குடுத்திருக்க மாட்டாரு. ஆனா அவரு வாயில இருந்துதான் போயிருக்கு. எப்படின்னு பாக்கலாம் வா."

ரிசார்ட் ஹாலுக்குள் பனிமூட்டம் இவர்களுக்கு முன்பே நுழைந்திருந்தது. பிரியாணி விநியோகம் அப்போதுதான் முடிந்து, ஊரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேடையில் ரிப்பன் கட்டிய குட்டியானை. அதன் டிரைவர் சீட்டில் வெண்ணிலா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஷெர்வின் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. "நீங்க யாரு மேடம்? செட்டுக்குள்ள வெளியாளுங்களுக்கு அனுமதி கிடையாது."

"இந்தம்மாவோட ஆளுங்க. அவங்க பாஸ்போர்ட்ட எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

"நேர்மைக்கு மேடம். எங்க சேனலுக்கு நேர்மைதான் முக்கியம். ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போடச் சொல்லுங்க, இப்பவே குடுத்துடறேன். இல்லன்னா போலீஸ்."

"போலீஸ் வந்தா மொதல்ல அடுத்தவங்க பாஸ்போர்ட்டு உங்க பாக்கெட்டுல ஏன் இருக்குன்னுதாங்க கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தேவகுமாரி மேடைப் பக்கம் போனாள்.

"ஏங்கண்ணு, எறங்கலியா?"

"எறங்க மாட்டனுங்க" என்றாள் வெண்ணிலா. "எனக்குச் சாவியும் குடுக்கோணும், அந்தம்மாவையும் உடோணும். அதுவரைக்கும் இங்கதான்."

"சாவி குடுத்துட்டா எதுக்குங்க எறங்கணும்? அப்படியே ஓட்டிட்டுப் போயிடலாமே" என்றான் எல்வின்.

வெண்ணிலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று எல்வின் முடிவுசெய்வதற்குள் போய்விட்டது.

"கண்ணு, வெனிலா வெளையற தீவு எதுன்னு சொன்னே?"

"மகடாஸ்கருங்க."

தேவகுமாரி கீழே இறங்கி, முதல் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் அதே கேள்வியைக் கேட்டாள். "மகடாஸ்கருங்க" என்று கோழிக்காலுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. அடுத்த வரிசைப் பெரியவரும் மகடாஸ்கர். வாசல் வாட்ச்மேன் கேள்வி முடிவதற்குள் மகடாஸ்கர். எல்வின் தன் பங்குக்கு, தண்ணீர் பாட்டில் தூக்கி வந்தவரை மடக்கினான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதச் சொன்னா இன்னும் பிரியாணி தருவாங்களா?" என்றார்.

"ஊரே ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சிருக்கு மேடம்."

"பள்ளிக்கூடம் எங்கன்னு கேளு."

கோழிக்கால் அம்மாளிடம் எல்வின் குனிந்தான். "ஏனுங்க, இது உங்களுக்கு யாரு சொன்னது?"

"கோயில்ல கேட்டனுங்க" என்றவள் சட்டென்று பொட்டலத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஹாலின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. வாசலில் திருவிழாத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ். வந்தவர்களைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்காமலேயே இருந்துவிடலாமா என்று பார்த்தார்.

"உபதேசியாரே, நானும் ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்குப் போறவன்தானுங்க" என்றான் எல்வின். "வேதாகமத்துல மகடாஸ்கர் எந்த அதிகாரத்துல வருது?"

ஸ்தனிஸ்லாஸ் இறங்கி வந்தார். "உக்காருங்க தம்பி. என் மேல தப்பு இல்லீங்க. நேத்து சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. 'ஆண்டவரே, எங்களோடு பேசும்'கிற அர்த்தத்துல ஒரு பாட்டு. உருகி உருகிப் பாடினோம். பேசிட்டாரு."

"யாரு?"

"ஸ்பீக்கர்ல ஆம்பளக் குரலுங்க. 'கரெக்ட்டா சொல்லிட்டீங்க, எறும்புக்கு ஆறு கால்!'னு. ரெண்டு பொம்பளைங்க அப்படியே முழங்கால் போட்டுட்டாங்க."

மைக் பெட்டியை எல்வின் புரட்டிப் பார்த்தான். அடியில் ஏற்காட்டு மைக் செட் கடையின் நீல ஸ்டிக்கர். இப்போதுதான் மேடையில் கலகல கார்த்திக்கின் இடுப்பிலும் இதே நீல ஸ்டிக்கரைப் பார்த்திருந்தான். சென்னையிலிருந்து கொண்டுவந்த மைக் மலையேறுவதற்குள் மக்கர் பண்ண, அவர்களும் அதே கடையில் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் ஒரே அலைவரிசை நம்பரில் வைத்துக் கொடுத்துவிட்டார். சட்டையில் மைக் இருப்பதை மறந்து ஆங்கர் மேக்கப் அறையில் கேள்வியும் பதிலுமாக ஒத்திகை பார்க்க, அத்தனையும் சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்டவர் சந்நிதியில் ஒலித்திருக்கிறது.

"உடனே ஸ்பீக்கர நிறுத்தியிருக்கலாமே?" என்றாள் தேவகுமாரி.

"நிறுத்தத்தாம்மா போனேன்." ஸ்தனிஸ்லாஸ் தோரணத்தைச் சரிசெய்தார். "கேள்வியெல்லாம் நொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"வெண்ணிலா இந்தக் கோயிலுக்கு வர்ற பொண்ணு இல்லியே?"

"தலைச்சோலை பஸ்ஸுல எங்க பாட்டுக் கோஷ்டி பொம்பளைங்க நாலு பேரு போனாங்க. அந்த பஸ்ஸுல வெண்ணிலாவும் போச்சு. அப்புறம் கேக்கோணுங்களா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசில இன்னொண்ணும் பேசினாங்க. அத என் வாயால சொல்லக் கூடாதுங்க. பயிற்சிக்கு வராதவங்களுக்காக எப்பவும் போன்ல பதிஞ்சு குரூப்புல போடுவோம். நீங்களே கேட்டுக்குங்க."

போனைக் காதில் வைத்துக் கேட்ட எல்வின், வாய்க்கு வந்த கிண்டல் எதையும் சொல்லாமல் அதைத் தேவகுமாரியிடம் நீட்டினான். அவளிடம் அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

இருவரும் திரும்பி வந்தபோது ஷீனாவுக்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் வைக்கப்பட்டிருந்தன. கலகல கார்த்திக் குனிந்து, தேன் ஒழுகும் குரலில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு கையெழுத்து மேடம். நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போயிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் ஷீனா. பேனாவைத் தொடவில்லை.

"ஷெர்வின் சார்" என்று கூப்பிட்டாள் தேவகுமாரி. "இந்தம்மா ஒவ்வொரு பதிலுக்கும் சைகை காட்டினாங்கன்னு சொல்றீங்க. அப்போ மொதப் பதிலுக்கே ஏனுங்க கட் சொல்லல?"

"எங்க டைரக்டர் அப்ப கவனிக்கல."

"கடைசிப் பதில் வந்தப்பவும் சொல்லல. ஆங்கர் 'சரியான விடை'ன்னு குதிச்சு முடிச்சாரு. அப்பவும் ஷூட்டிங் ஓடுச்சு. அந்தப் பொண்ணு சாவி கேட்டா பாருங்க, அப்பத்தான் கட். உங்களுக்குப் பதில் பத்திக் கவலையில்ல. சாவி பத்தித்தான் கவலை."

"சாவி ஆபீஸ்ல இருக்கு மேடம். சென்னையில."

"வண்டி கரடியூர்ல, சாவி சென்னையில. நல்ல நிர்வாகம்" என்றான் எல்வின். "சாவி கெடக்கட்டும். வெண்ணிலாக்கா, கொஞ்சம் நகருங்க."

குட்டியானைக்கு எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். வெண்ணிலா நகர்ந்தாள். எல்வின் சீட்டைத் தூக்கினான். உள்ளே ஒரு கயிற்றுச் சுருள், காலித் தண்ணீர் பாட்டில், அதற்குக் கீழே மேடையின் சிவப்புக் கம்பளம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளம் அழகாகத் தெரிந்தது.

ஷெர்வின் வாயைத் திறப்பதற்குள் தேவகுமாரி, "நேத்து கோயில் ஸ்பீக்கர்ல வந்ததுங்க" என்று உபதேசியாரின் போனை உயரே பிடித்தாள். முதலில் நாலு பெண் குரல்கள் சுதியோடு பாடின. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கலகல கார்த்திக்:

'அண்ணே, எவனாச்சும் கடைசிக் கேள்விக்கும் சொல்லிட்டா? வண்டியில எஞ்சினே இல்லையே.'

ஷெர்வினின் குரல்: 'சொல்ல மாட்டான். சொன்னா, ஆடியன்ஸ்ல ஒருத்தன் சைகை காட்டினான்னு நிறுத்திடலாம். மறுநாளு ஊருக்குப் போற ஆளாப் பாத்துப் புடிச்சா போதும். நின்னு சண்டை போட மாட்டான்.'

பின்னணியில் ஒரு பெண் குரல், 'ஆமென்' என்றது.

ஷெர்வின் தன் அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் தள்ளினார். கேமராக்காரர்கள் கேமராவைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் ஷீனா பார்த்தது ஷெர்வினை அல்ல. பின்னால் உட்கார்ந்திருந்த ஊரை.

"அப்படின்னா உங்க எல்லாருக்கும் பதிலும் தெரியும், எஞ்சின் இல்லன்னும் தெரியும். நான் ஒருத்திதான் தெரியாதவ. நெசமாவே ஆச்சரியப்பட்டதும் நான் ஒருத்திதான். என்னைத் திருடின்னு சொன்னப்ப ஒரு ஆளு கூட வாயத் தெறக்கல."

கோழிக்கால் அம்மாள்தான் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "அப்போ இன்னும் பிரியாணி குடுக்கலீங்க, கண்ணு."

எல்வினுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அந்த அம்மாளுக்கும் வரவில்லை. அவள் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து ஷீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதானுங்க" என்றாள்.

"நான் எறங்காம உக்காந்தது அதுக்குத்தானுங்க" என்றாள் வெண்ணிலா. "வாயத் தெறந்தா 'நீயும் பதிலக் கேட்டுட்டு வந்தவதானே'ன்னு வண்டியப் புடுங்கிக்குவாங்க. உங்கள விட்டுட்டுப் போறதுக்கும் மனசு வரல. ஒண்ணும் தோணல. ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டேன்."

"எஞ்சின் இல்லாத வண்டிக்கா இத்தனை?" என்றான் எல்வின்.

"இது மாதிரியே எங்க வண்டி ஒண்ணு போன மழைக்குப் பள்ளத்துல உருண்டுருச்சுங்க. கூடு சப்பளிஞ்சு போச்சு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. எங்க ஊட்டுல சாக்கப் போத்தி வெச்சிருக்கோம். ஆரஞ்சு எறக்க வண்டியில்லாம பாதி மரத்துலயே போச்சு. பஸ்ஸுல அந்தப் பொம்பளைங்க 'வண்டியில எஞ்சினே இல்லையாம்'னு சிரிச்சாங்க. எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே வரலீங்க. இத்தன நாளா வெறும் கூடுதானே தேடிட்டிருந்தோம்!"

அந்த எஞ்சின் இல்லாத பரிசு இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தும். அவள்தான் ஜெயித்திருந்தாள். எல்வின் தேவகுமாரியைப் பார்த்தான். அவள் ஷெர்வினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியோட பேப்பருங்க?"

"மேடம், அது செட் ப்ராப்பர்ட்டி..."

"இந்தப் பாட்டு கோயில் குரூப்புல ஏற்கெனவே இருக்கு. அந்தக் குரூப்புல துபாய், குவைத்துன்னு எல்லா ஊரு ஆளும் இருக்காங்களாம். இதுவரைக்கும் பாட்டு நல்லாயிருக்குன்னு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

பேப்பர் சென்னையில் இல்லை. ஷெர்வினின் பையிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டும் அதே பையிலிருந்து வந்தது. ஷீனா அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை.

"மைக்க வெச்சித்தானே என்னைத் திருடின்னு சொன்னீங்க. மைக்க வெச்சே மன்னிப்புக் கேளுங்க."

கலகல கார்த்திக் மைக்கை எடுத்து, தன் வழக்கமான சிரிப்போடு மன்னிப்புக் கேட்டார்.

"பல்லக் காட்டாம."

மறுபடி கேட்டார்.

"மேலே லைட்டப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

மூன்றாவது தடவை கலகலப்பெல்லாம் போய், ஷீனாவைப் பார்த்தே கேட்டார். ஷீனா தலையசைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உபதேசியார், "இங்கயும் தெளிவாக் கேட்டுச்சுங்க" என்று குரல் கொடுத்தார்.

ஷெர்வின் தேவகுமாரியின் பக்கத்தில் ஒதுங்கினார். "மேடம், இப்ப நடந்த சீன் எல்லாம் சூப்பர். இதையே ஒரு எபிசோடா..."

"ரிப்பன அவுக்க ஆளு விடுங்க சார்" என்றாள் அவள்.

மேடைக்குப் பலகை போட்டு வண்டியை இறக்கினார்கள். சாப்பிட்ட கை கழுவாமலேயே ஊர் முழுக்கத் தள்ள வந்தது. ஷீனா மழைக்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தக் கோழிக்கால் அம்மாளுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தாள். வெண்ணிலா ஸ்டியரிங்கில். ரிசார்ட் கேட்டைத் தாண்டியதும் தலைச்சோலை போகும் ரோடு ஏற்றமாக எழும்பிப் பனிமூட்டத்துக்குள் மறைந்தது.

"ஏனுங்க, இதுக்கு பிரேக்காவது இருக்குங்களா?" என்று கத்தினான் எல்வின்.

"தெரியலீங்க!" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. "யாராச்சும் ஒரு கல்லத் தூக்கிட்டுப் பின்னாலயே வாங்க!"

எல்லோருடைய கையும் வண்டியில் இருந்தது. சும்மா இருந்தவன் எல்வின் மட்டுமே. தேவகுமாரி ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லைக் காலால் நகர்த்திக் காட்டினாள். அவன் அதை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்துக்கு ஒட்டினாற்போல் மூச்சிரைக்க நடந்தான். வளைவில் வண்டி தயங்கியது. தள்ளியவர்களின் கால்கள் சறுக்கின. சக்கரம் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது.

"வைங்க!" என்று கத்தினாள் வெண்ணிலா.

எல்வின் வைத்தான். வண்டி நின்றது.